மரியாதைப் பன்மை

இரவு இரண்டு மணிக்கு
"நீங்கள் இன்னும் தூங்கவில்லையா?"
என்று கேட்கிறான் தோர்னிகே.
இல்லை என்கிறேன்,
இருமல் மருந்துகளை அடுக்கியபடி.

குத்தாயிசியில் ராத்திரி திறந்திருக்கும் மருந்துக்கடைகள் இரண்டு.
பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது என்னுடையது.
என்னுடையது என்றால்
விழிப்பு என்னுடையது, கடை வேறொருவருடையது.

அவனும் விழித்துக் காத்தவன்தான்,
பதினொரு வருடம், கோல் கம்பங்களுக்கு நடுவே.
இப்போது தூக்கம் வராமல்
சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து
யாருக்கென்றில்லாமல் பேசுகிறான்.
யாருக்கென்றில்லாமல் என்பது
மற்றவர்கள் சொல்வது.

தேநீரில் செர்ரி ஜாம் கலக்குவான்.
பதுமியில் கால்களுக்கிடையே நழுவவிட்ட பந்தைப் பற்றி
குடித்தால் மட்டும் பேசுவான்.
போன மார்ச்சில் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரில்
ஒரு படம் குறைந்தது.
பதினாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்;
ஆணியைப் பார்த்தவள் நான்.

என் தங்கை மக்வாலாவின் மகனுக்கு என்ன வயது என்றால்
விரல்விட்டு எண்ணுவேன்.
தோர்னிகேயின் நாய்க்கு வருகிற வியாழனோடு ஒன்பது.

எங்கள் மொழியில்
மதிக்கிற ஒருவரையும் ஒரு கூட்டத்தையும்
ஒரே சொல்லால்தான் அழைக்க முடியும்.
நீங்கள்.
அந்தப் பேருந்தில் எத்தனை பேர் ஏறினாலும்
ஜன்னலோரம் எனக்கென்றே
நினைத்திருந்தேன்.

நவம்பர். மழை.
ஷட்டரை இறக்கிவிட்டு
கையளவு சன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.
அதற்குள் ஒரு கை வந்தது.
சுண்டுவிரல் கோணல்.
முகத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை.

"தூக்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்."
டாக்டர் சீட்டு வேண்டும்.
"இல்லையே."
வலேரியன் சொட்டு இருக்கிறது. இருபது சொட்டு, தண்ணீரில்.
"வலேரியனுக்கெல்லாம் கேட்குமா?"
கேட்கும், என்றேன்.
இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது
என்று சொல்லவில்லை.

ஆறு லாரி நாற்பது. ஏழு வைத்தான்.
மீதியை எடுக்கவில்லை.
"இந்த வேலையில் நீங்கள் தூங்கவே முடியாது, இல்லையா?" என்றான்.

முதல் தடவையாக
அந்தச் சொல்லுக்குள் ஒருத்தி மட்டும் நின்றாள்.
கூட்டம் இறங்கிப்போன பிறகு
அது எவ்வளவு குளிரான இடம்!
தோளைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.
நாயைப் பற்றிக் கேட்டிருந்தால்
அவன் வீட்டிலிருந்து எதையோ திருடி
அவனிடமே விற்கிறவளைப் போல நின்றிருப்பேன்.
தலையை ஆட்டினேன்.
சட்டையில் குத்தியிருந்த என் பெயரை
அவன் படிக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துத் திரையில் வந்தான்.
முடி இன்னும் ஈரம்.
ஜாம் குப்பிக்குப் பக்கத்தில் எங்கள் கடைப் பை.
"இன்று முழுக்க ஒரு மனிதரோடும் பேசவில்லை" என்றான்.
"உங்களோடு மட்டும்தான்."

இதயங்கள் கொட்டின, சிவப்புச் சிவப்பாக.
நான் அந்த வாக்கியத்தை
மாத்திரைத் தட்டில் கொட்டி
கரண்டியால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
முதல் பாதியில் நான் இல்லை.
அடுத்த பாதியில்
பதினாலாயிரத்தில் ஒரு பங்கு இருக்கிறேன்.
இரண்டில் எதையும் பொய் என்று
சொல்ல முடியவில்லை.

அறுபது தெத்ரி தட்டிலேயே கிடக்கிறது.
கணக்கில் சேர்க்கவில்லை.

திரையில் அவன் சொட்டுகளை எண்ணுகிறான்,
உதடு அசைய, குழந்தையைப் போல.
பதினெட்டு. பத்தொன்பது.
நிறுத்தாமல் போகிறான். இருபத்திரண்டு.

"இருபதுதான்!" என்று கத்தினேன்
ஆளில்லாத கடைக்குள்.

சன்னலுக்கு வெளியே, மழையில்,
தினமும் ஒரே ஒரு இருமல் மிட்டாய் வாங்கும்
டாக்ஸிக்காரர் குனிந்தார்.
"என்னிடமா சொன்னீர்கள்?"